வலிமை மிகு, வலிமை குறைந்த அமிலங்களைக் காரத்தால் தரம்பார்த்தல்

ஒரு கரைசலில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதை, செறிவு தெரிந்த காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கண்டறியும் முறை அமில-காரத் தரம்பார்த்தல் எனப்படும். இது பருமனறி பகுப்பாய்வின் ஒரு பிரிவு. இலங்கைப் பாடநூல்களில் இது நியமிப்பு என்று வழங்கும். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டும் பினாப்தலீனும் கொண்டு மாணவர்கள் செய்யும் இதே சோதனை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் உள்ளவை போன்ற வாகனத் தொழிற்சாலைகளில் அன்றாட வேலையாக நடக்கிறது. அங்கே மதிப்பெண்ணுக்குப் பதிலாக வண்டியின் வண்ணப்பூச்சும், வெளியே போகும் கழிவுநீரும் இதைச் சார்ந்திருக்கின்றன.

அமிலத்தின் அளவு வேறு, அமிலத்தின் வலிமை வேறு. தரம்பார்த்தலில் மாணவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

அளவும் வலிமையும்

ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிகு அமிலம். நீரில் கரைந்தவுடன் அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. அசிட்டிக் அமிலம் (சமையலறையில் பயன்படும் வினிகரின் புளிப்புக்குக் காரணமானது) வலிமை குறைந்த அமிலம். 0.1 மோலார் செறிவுள்ள அசிட்டிக் அமிலக் கரைசலில், ஆயிரம் மூலக்கூறுகளுக்குச் சுமார் 13 மட்டுமே பிரிந்திருக்கும். எஞ்சியவை மூலக்கூறுகளாகவே மிதக்கின்றன. அதனால்தான் ஒரே 0.1 மோலார் செறிவில் முன்னதன் பிஎச் மதிப்பு 1.0 ஆகவும், பின்னதன் மதிப்பு 2.88 ஆகவும் இருக்கின்றன.

இரண்டிலும் 25 மி.லி. எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினால் எதற்கு அதிகக் காரம் செலவாகும்? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு என்பார்கள். விடை, இரண்டுக்கும் சரியாக 25 மி.லி. என்பதே.

காரணம் எளிது. காரத்தின் ஹைட்ராக்சைடு அயனி, கரைசலில் தனித்து நிற்கும் ஹைட்ரஜன் அயனியை நீராக்கிவிடுகிறது. ஒன்று குறைந்ததும், அந்த இடத்தை நிரப்ப, பிரியாமல் இருந்த இன்னொரு அசிட்டிக் அமில மூலக்கூறு பிரிகிறது. லீ சாட்லியர் கொள்கையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. காரம் சேரச்சேர இருப்பில் உள்ள மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிஎச் மானி கையில் உள்ள சில்லறையை மட்டும் எண்ணுகிறது. தரம்பார்த்தல் பெட்டியில் உள்ள பணத்தையும் சேர்த்து எண்ணுகிறது.

தரம்பார்த்தல் வரைகோடு

அளவு ஒன்றாக இருந்தாலும் அந்த அளவை எட்டும் பாதை ஒன்றல்ல. சேர்த்த காரத்தின் பருமனைக் கிடை அச்சிலும் பிஎச் மதிப்பைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் கிடைப்பது தரம்பார்த்தல் வரைகோடு. மேலே சொன்ன இரு அமிலங்களுக்கும் கணக்கிட்ட மதிப்புகள் இவை:

| சேர்த்த காரம் (மி.லி.) | ஹைட்ரோகுளோரிக் அமிலம்: பிஎச் | அசிட்டிக் அமிலம்: பிஎச் |
|---|---|---|
| 0 | 1.00 | 2.88 |
| 10.0 | 1.37 | 4.58 |
| 12.5 | 1.48 | 4.76 |
| 20.0 | 1.95 | 5.36 |
| 24.0 | 2.69 | 6.14 |
| 24.9 | 3.70 | 7.16 |
| 25.0 | 7.00 | 8.73 |
| 25.1 | 10.30 | 10.30 |
| 26.0 | 11.29 | 11.29 |

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 24.9 மி.லி. முதல் 25.1 மி.லி. வரை, அதாவது ஏறத்தாழ நான்கு சொட்டுகளுக்குள், பிஎச் 3.70 இலிருந்து 10.30 க்குத் தாவுகிறது. அதே நான்கு சொட்டுகளில் அசிட்டிக் அமிலம் 7.16 இலிருந்து 10.30 வரை மட்டுமே ஏறுகிறது. தாவல் சிறியது; அதுவும் முழுக்க முழுக்கக் காரப் பக்கத்தில் இருக்கிறது.

அட்டவணையில் மூன்று இடங்களை உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்று, அசிட்டிக் அமில நிரலில் 10 மி.லி. முதல் 20 மி.லி. வரையிலான பகுதி. பத்து மில்லிலிட்டர் காரம் சேர்த்தும் பிஎச் ஓர் அலகுகூட ஏறவில்லை. அமிலமும் அதன் உப்பான சோடியம் அசிட்டேட்டும் சேர்ந்திருப்பதால் அங்கே கரைசல் தாங்கல் கரைசலாக இயங்குகிறது. இரண்டு, 12.5 மி.லி. என்ற பாதிவழிப் புள்ளி. அங்கே அமிலமும் உப்பும் சம அளவில் உள்ளன; எனவே பிஎச் மதிப்பு அந்த அமிலத்தின் பிகேஏ மதிப்புக்குச் சமம். பெயர் தெரியாத ஓர் அமிலத்தின் பிரிகை மாறிலியை ஒரே தரம்பார்த்தலில் கண்டுபிடிக்க இந்தப் புள்ளி போதும். மூன்று, 25.0 மி.லி. என்ற சமானப் புள்ளி. நடுநிலையாக்கல் என்றாலே பிஎச் 7 என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே இடறுவார்கள். அசிட்டிக் அமிலம் முழுவதும் வினைபுரிந்து முடிந்த அந்தக் கணத்தில் கரைசலில் இருப்பது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி நீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொண்டு ஹைட்ராக்சைடை விடுவிக்கிறது. இந்த நீராற்பகுப்பால் சமானப் புள்ளியின் பிஎச் 8.73 ஆகிறது.

நிறங்காட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நிறங்காட்டிக்குச் சமானப் புள்ளி தெரியாது. தனக்குரிய பிஎச் எல்லை வந்ததும் அது நிறம் மாறும், அவ்வளவுதான். மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரையிலான எல்லையில் சிவப்பிலிருந்து மஞ்சளாகிறது. பினாப்தலீன் சுமார் 8.2 முதல் 10.0 வரையிலான எல்லையில் நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பெரிய தாவல் இரண்டு எல்லைகளையும் விழுங்கிவிடுகிறது.

அசிட்டிக் அமிலத்தில் மெத்தில் ஆரஞ்சைச் சேர்த்தால், சுமார் 7.6 மி.லி. காரம் சேர்ந்தபோதே பிஎச் 4.4 ஆகி முழு மஞ்சள் வந்துவிடும். உண்மையில் வேண்டியது 25 மி.லி. முடிவு, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். வினிகர் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக நீர்க்கச் செய்து, அதில் 20 மி.லி. யைப் பினாப்தலீன் கொண்டு 0.1 மோலார் காரத்தால் தரம்பார்க்கும்போது 13.4 மி.லி. செலவாகிறது என்று கொள்வோம். நீர்த்த கரைசலின் செறிவு 0.067 மோலார், வினிகரின் செறிவு 0.67 மோலார், அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60 என்பதால் லிட்டருக்கு 40.2 கிராம், அதாவது சுமார் 4 சதவீதம். மெத்தில் ஆரஞ்சு கொண்டு செய்திருந்தால் 4 மி.லி. அளவிலேயே நிறுத்தி, 1.2 சதவீதம் என்று எழுதியிருப்போம். நல்ல வினிகர் கலப்படமாகிவிடும்.

மஞ்சளும் ஒரு நிறங்காட்டியே. பிஎச் 8 ஐ ஒட்டி அது மஞ்சளிலிருந்து செம்பழுப்பாக மாறத் தொடங்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும், மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டால் சிவப்பதும் இதனால்தான். இந்த எல்லை பினாப்தலீன் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால், மஞ்சள் சாறு வலிமை குறைந்த அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சைவிடப் பொருத்தமானது. நிறமாற்றம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரே அமிலத்தில் இரண்டு வலிமை: பாஸ்பாரிக் அமிலம்

பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன்கள் பிரியக்கூடியவை. ஆனால் மூன்றும் ஒரே எளிதில் பிரிவதில்லை. அவற்றின் பிகேஏ மதிப்புகள் முறையே சுமார் 2.15, 7.20, 12.35. முதல் ஹைட்ரஜன் ஓரளவு வலிமை மிகு அமிலம்போல நடந்துகொள்கிறது. இரண்டாவது, அசிட்டிக் அமிலத்தைவிடவும் வலிமை குறைந்தது. மூன்றாவது அவ்வளவு இறுகப் பற்றியிருப்பதால் நீர்க்கரைசலில் சாதாரணத் தரம்பார்த்தலில் பிடிபடாது. 0.1 மோலார் பாஸ்பாரிக் அமிலம் 25 மி.லி. எடுத்து அதே செறிவுள்ள காரத்தைச் சேர்த்தால், 25 மி.லி. யில் பிஎச் 4.7 ஐ ஒட்டி ஒரு படியும், 50 மி.லி. யில் பிஎச் 9.7 ஐ ஒட்டி இன்னொரு படியும் தெரியும். இருவகை அமிலங்களின் இயல்பையும் ஒரே வரைகோட்டில் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

வாகனத் தொழிற்சாலையில் பயன்படுவதும் இந்த அமிலமே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010 இல் வந்தது. இவற்றைச் சுற்றிச் சிப்காட் வளாகங்களில் உதிரிபாகத் தொழிற்சாலைகள் பல பெருகின. எஃகுத் தகடால் ஆன வண்டிக் கூட்டுக்கு வண்ணம் பூசுமுன் பாஸ்பேட் படலம் ஏற்றுவது உலகெங்கும் வாகனத் தொழிலில் நிலைபெற்ற முறை. இதன் மூலக் காப்புரிமையை இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் 1906 இல் பெற்றார். அண்மைக் காலத்தில் சிர்கோனியம் சார்ந்த மெல்லிய படல முறைகளும் வந்துள்ளன என்றாலும் பாஸ்பேட் முறை இன்னும் பரவலாக இருக்கிறது.

கூட்டை முதலில் காரத் தொட்டியில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நீரில் அலசி, பிறகு துத்தநாக டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் சிறிதளவு பாஸ்பாரிக் அமிலமும் கலந்த தொட்டியில் முக்குவார்கள். அமிலம் எஃகின் மேற்பரப்பை இலேசாக அரிக்கிறது. அரிக்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் செலவாவதால், மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும் பிஎச் ஏறுகிறது. அந்த இடத்தில் துத்தநாக பாஸ்பேட் கரைய முடியாமல் படிகமாகத் தகட்டின்மேல் படிகிறது. வண்ணப்பூச்சு பற்றிக்கொள்வது இந்தப் படிகப் படலத்தைத்தான்.

அமிலம் அதிகமானால் தகடு அரிபடுமே தவிரப் படலம் சரியாக வளராது. குறைந்தால் துத்தநாக பாஸ்பேட் தகட்டில் படியாமல் தொட்டி நீரிலேயே படிந்து சேறாக அடியில் தங்கும். காரத் தொட்டியிலிருந்து அலசாமல் ஒட்டிவரும் நீர்கூட அமிலத்தைத் தின்றுவிடும். ஆகவே தொட்டியிலிருந்து குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்து இருமுறை தரம்பார்க்கிறார்கள். 10 மி.லி. மாதிரியில் புரோமோபீனால் நீலம் (3.0 முதல் 4.6 வரை, மஞ்சளிலிருந்து நீலம்) சேர்த்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் கிடைப்பது கட்டற்ற அமிலம். தொழிற்சாலைப் பேச்சில் ‘ஃப்ரீ ஆசிட்’. இன்னொரு 10 மி.லி. யில் பினாப்தலீன் சேர்த்துத் தரம்பார்த்தால் கிடைப்பது மொத்த அமிலம், ‘டோட்டல் ஆசிட்’. செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் ஒரு ‘பாயிண்ட்’. வகுப்பறையில் தவறான நிறங்காட்டி என்று நாம் சொல்லும் ஒன்று, இங்கே வேண்டுமென்றே பயன்படுகிறது. முதல் நிறங்காட்டி, எளிதில் பிரியும் முதல் ஹைட்ரஜனோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டாவது, பாஸ்பேட்டில் இறுகியிருக்கும் அடுத்த ஹைட்ரஜனையும் வெளியே இழுத்துக் கணக்கில் சேர்க்கிறது. மொத்த அமிலம் பார்க்கும்போது இளஞ்சிவப்பு வருமுன்பே குடுவை வெண்மையாகக் கலங்கும். அது துத்தநாக பாஸ்பேட் வீழ்படிவு, பயப்பட வேண்டியதில்லை.

எந்த மதிப்பு சரி என்பதை அந்தந்த வேதிப்பொருளைத் தருபவரின் குறிப்பு சொல்லும். ஆனால் எண்களின் தன்மையைக் கவனிக்க வேண்டும். மொத்த அமிலம் 22 பாயிண்டும் கட்டற்ற அமிலம் 0.8 பாயிண்டும் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மி.லி. மொத்த அமிலத்தில் ஒரு சொட்டு கூடினால் பிழை 0.2 சதவீதம்தான். கட்டற்ற அமிலத்தில் அதே ஒரு சொட்டு 6 சதவீதப் பிழை. இரண்டின் விகிதத்தை வைத்துத்தான் தொட்டியைத் திருத்துகிறார்கள் என்பதால், அந்த 6 சதவீதம் அப்படியே விகிதத்திலும் ஏறும். பள்ளியில் ‘ஒரு சொட்டுத்தானே’ என்று விடும் பழக்கம் உள்ளவர் இங்கே திணறிப்போவார். பெரிய மாதிரி எடுப்பதும், நுண்பியூரெட் அல்லது தானியங்கித் தரம்பார்ப்பான் வைப்பதும் இந்தக் காரணத்துக்காகவே. வேதியியல் பட்டமோ பட்டயமோ முடித்து இப்பகுதித் தொழிற்சாலைகளுக்கு நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள், பியூரெட் அளவீட்டைத் துல்லியமாகப் படிப்பதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது.

கழிவுநீரும் பிஎச் மானியும்

அலசிய நீரும் பழைய தொட்டி நீரும் அமிலக் கழிவுநீராகச் சேரும். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986 இன் பொது வரையறைப்படி வெளியேற்றும் நீரின் பிஎச் 5.5 க்கும் 9.0 க்கும் இடையில் இருக்க வேண்டும். இப்பகுதிக்கு இது வெறும் எண் அல்ல. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேருவது சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியில்.

இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 1000 லிட்டர், இரண்டின் பிஎச் மதிப்பும் 2.88 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றதில் அசிட்டிக் அமிலம். பிஎச் மானிக்கு இரண்டும் ஒன்றே. முதல் தொட்டியில் அமிலத்தின் செறிவு 0.0013 மோலார்தான், அதை நடுநிலையாக்க சுமார் 53 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போதும். இரண்டாவது தொட்டியில் செறிவு 0.1 மோலார், அதற்கு 4 கிலோ வேண்டும். எழுபத்தைந்து மடங்குக்கும் மேல். முதல் தொட்டிக் கணக்கை இரண்டாவதில் போட்டால் பிஎச் மானியின் முள் பாதுகாப்பான எல்லையை எட்டவே எட்டாது. பொறுமையிழந்து மூட்டையாகக் கொட்டினால், தாங்கல் பகுதி முழுவதும் மெல்ல நகர்ந்த பிஎச், சமானப் புள்ளி நெருங்கியதும் ஒரே தாவாக 9 ஐத் தாண்டிவிடும்.

நீர் ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணமும் உண்டு. பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் வலிமை மிகு அமிலத்தின் பிஎச் ஓர் அலகு ஏறும். வலிமை குறைந்த அமிலத்துக்கு அரை அலகுதான் ஏறும். இரண்டிலும் அமிலத்தின் மொத்த அளவு அணுவளவும் குறைவதில்லை. கழிவுநீரில் 100 மி.லி. எடுத்து முதலில் தரம்பார்த்துவிட்டால், எத்தனை கிலோ காரம் அல்லது சுண்ணாம்பு வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். பாஸ்பேட் கழிவுக்குச் சுண்ணாம்பே ஏற்றது. அது அமிலத்தை நடுநிலையாக்குவதோடு பாஸ்பேட்டைக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படியவும் செய்கிறது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டுக் கரைத்த கையோடு அதன் செறிவை நம்பக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆக்சாலிக் அமிலம் போன்ற முதல்நிலைத் திட்டப் பொருளால் அதைத் தரப்படுத்த வேண்டும். படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63, எனவே 6.3 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.1 நார்மல் கரைசல் கிடைக்கும். ஆக்சாலிக் அமிலத்தின் இரண்டாவது ஹைட்ரஜனின் பிகேஏ 4.27. ஆகவே இதற்குப் பினாப்தலீன்தான் நிறங்காட்டி.

பியூரெட்டை நீரால் கழுவியபின் நிரப்பப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். கூம்புக் குடுவையை அப்படி அலசக் கூடாது. அதில் நீர் மட்டும் போதும். நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் அது வெளியேறும் கணத்தில் ஒரு பொய் அளவு கணக்கில் சேரும். நிரப்பியதும் புனலை எடுத்துவிட வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது பழைய வழக்கம். இன்று ரப்பர் குமிழ்தான் பயன்படுத்த வேண்டும், அமிலத் தொட்டி மாதிரி என்றால் இதில் விதிவிலக்கே கிடையாது.

வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவு நிலை. பிறகு நிறம் மங்கினால் மேலும் ஒரு சொட்டுச் சேர்க்க வேண்டாம். குடுவையைக் குலுக்கும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்தச் சிறு மிகைக் காரத்தை விழுங்குவதால் மங்குகிறது. அடர் ரோஜா நிறம் வரும்வரை ஊற்றுபவர்கள் எப்போதும் சில சொட்டுகள் அதிகமாகவே படிப்பார்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அமிலம் மிகவும் வலிமை குறைந்ததாக இருந்தால் சமானப் புள்ளியில் தாவலே தெரியாது. கேரம் பலகையில் தூவும் போரிக் அமிலம் இதற்கு நல்ல சான்று. அதன் பிகேஏ 9.2. பினாப்தலீன் சேர்த்தால் நிறம் திடீரென மாறாமல், பல மில்லிலிட்டர் வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதே குடுவையில் கிளிசரினையோ மானிட்டாலையோ தாராளமாகச் சேர்த்தால், போரிக் அமிலம் அதனுடன் இணைந்து வலிமை கூடிய ஓர் அமிலமாகிறது. அதன்பின் பினாப்தலீன் ஒரு சொட்டில் தெளிவாக நிறம் மாறும்.